சுவரடி வெளிச்சம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மகள் வாண்டுவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதைக் கண்டாலும் கடிக்கிறாள். நேற்று முதலாளியம்மாவின் ரப்பர்ச் செருப்பைக் கடித்துவிட்டாள். "உங்க அம்மா வந்ததும் கேளு, உன்னைப் பெத்தாளா, எலியைப் பெத்தாளான்னு" என்று முதலாளியம்மா சொன்னார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அப்பாவிடம் இருக்கிறது, அப்பா லாரியில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நீ ஒரு வார்த்தை சொன்னால் தெருவே பதில் சொல்லும். எனக்கோ போனைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் கொஞ்சம் வரும்.

நீ வேலைக்குப் போன பிறகு எங்களைச் செடிப்பண்ணையின் கடைசி அறைக்கு மாற்றிவிட்டார்கள். கதவைத் திறந்தால் நிழல்வலைப் பந்தல், அதன் கீழே நாற்றுப் பைகள். பந்தலுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி. அதை ஒட்டிப் பாசி பிடித்த பின்சுவர். தொட்டிக்குப் பின்னால் சுவர் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடிந்திருக்கிறது. அந்தப் பக்கம் பாதி கட்டிய மாடிக் கட்டடம். ஜன்னல் வைக்காமல் வெறும் ஓட்டைகளாக நிற்கிறது.

முந்தாநாள் மழை விட்டதும், பொழுது சாய்கிற நேரத்தில், வாண்டுவின் காலைக் கழுவத் தொட்டிக்குப் போனேன். சுவரடியில், தரையில், பச்சையாக ஒன்று எரிந்தது. நெருப்பில்லை. ஏதோ ஒன்றின் கண் மாதிரி இருந்தது. நான் நின்றதும் அணைந்தது. ஓர் அடி வைத்தேன், பக்கத்தில் இன்னொன்று எரிந்தது. இன்னோர் அடி, இன்னொன்று. நான் கால் வைக்கும் இடத்துக்கெல்லாம் அது கூடவே வந்தது அக்கா.

வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். வாண்டு மட்டும் என் தோளில் இருந்தபடி "லைட்டு, லைட்டு" என்று கையை நீட்டி அழுதாள். அன்றிலிருந்து இருட்டினால் கதவைத் திறப்பதில்லை. அப்பா வர இன்னும் ஒரு வாரம் ஆகும். அது என்னவென்று உன் இடத்தில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுது. சிரிக்காதே.

உன் தங்கை

ஜூன் 12

அடி தொட்டாச்சிணுங்கி,

சிரித்தேன். விடுதியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உனக்கு வெளிச்சம்கூடப் பேயா?

நான் கண்ணாடிக் குடுவை கழுவும் ஆய்வுக்கூடத்தில் ஓர் அம்மா இருக்கிறார். காலையில் வந்தால் சாயங்காலம் வரை பூச்சியோடுதான் பேச்சு. நாங்கள் பூச்சியம்மா என்போம். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். (செருப்பு விஷயத்தையும் படித்துவிட்டேன்.) கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "உன் தங்கச்சிக்குப் புண்ணியமாப் போகும், அந்த இடத்தை அப்படியே விட்டுவைக்கச் சொல்லு" என்றார்.

அது மின்மினியின் குஞ்சு. மின்மினி என்றால் பறப்பது மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். பறப்பது அதன் கடைசிக் காலமாம். முட்டையிலிருந்து வந்த பிறகு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஈரமண்ணில் புழுவாகவே கிடக்கும். நத்தையைப் பிடித்துக் கடிக்கும், கடித்தால் நத்தை மரத்துப்போகும், அப்புறம் சாவகாசமாகத் தின்னும். இறக்கை முளைத்த பிறகு பெரும்பாலானவை சாப்பிடுவதே இல்லையாம். இரண்டு மூன்று வாரம்தான் ஆயுள். அதற்குள் வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி ஜோடியைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆண் பறந்துகொண்டே மினுக்கும், பெண் புல்லில் உட்கார்ந்து பதில் மினுக்கும். பேச்சு அவ்வளவுதான். உன்னைப் போல வாயே திறக்காத ஜாதி.

நீ நடந்தபோது எரிந்தது ஏன் தெரியுமா? தரை அதிர்ந்தால் குஞ்சு பயந்துவிடும். பயந்தால் எரியும். 'நான் கசப்பேன், தின்னாதே' என்று அர்த்தம். ஆக, நீ அதைக் கண்டு பயந்தாய், அது உன்னைக் கண்டு பயந்தது. நல்ல ஜோடி.

வாண்டுவுக்கு ஒரு விளையாட்டுக் காட்டு. டார்ச்சின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆண் மினுக்கியதும் கொஞ்சம் பொறுத்து, தரையோரமாக ஒரு தடவை காட்டினால் அது உன்னைப் பெண் என்று நினைத்துக் கிட்டே வருமாம். வேறு தேசத்தில் ஒரு பொல்லாத பெண் பூச்சி இருக்கிறது. அயல் இனத்துப் பெண்ணைப் போலப் பதில் காட்டி, வந்தவனைத் தின்றுவிடும். நீ தின்னாமல் இருந்தால் சரி.

வாண்டுவின் நகத்தை வெட்டு. பல் வலித்தால் குளிர்ந்த துணியைக் கடிக்கக் கொடு.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

விளையாடினோம். முதல் நாள் கதவுக்குள்ளிருந்தே டார்ச்சைக் காட்டினேன், ஒன்றும் வரவில்லை. மறுநாள் படியில் உட்கார்ந்தோம். உன் பழைய நீலத் துப்பட்டாவை டார்ச்சில் சுற்றினேன். ஒரு மின்மினி பந்தலுக்கு மேலே மினுக்கிக்கொண்டு போனது. நான் பதில் காட்டினேன். அது நின்று, திரும்பி, என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது அக்கா! வாண்டு மூச்சையே விடவில்லை. பிறகு அதன் காதில் "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

இப்போது எனக்குச் சுவரடிக் குஞ்சுகளிடம் பயமில்லை. ஒன்று நத்தையின் ஓட்டுக்குள் தலையை விட்டிருந்ததைப் பகலில் பார்த்தேன். பகலில் அது எரிவதாகவே தெரியவில்லை. தகடு தகடாக, அழுக்காக இருக்கிறது. அதனுள்ளே அப்படி ஒரு வெளிச்சம் இருக்குமென்று யார் நினைப்பார்கள்? தொட்டிப் பக்கத்து நாற்றுகளில் மட்டும் இலை ஓட்டையில்லாமல் இருப்பது ஏனென்றும் இப்போது புரிகிறது. முன்வரிசை நாற்றுகளை நத்தை சல்லடையாக்கிவிட்டது.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிக்க முடியவில்லை.

ஐந்தாறு நாளாக ஒரு வெளிச்சம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. அது வெள்ளை. அந்தக் கட்டடத்தின் மேல்மாடி ஓட்டையிலிருந்து வருகிறது. நான் மின்மினிக்கு ஒரு தடவை காட்டினால், அங்கிருந்தும் ஒரு தடவை. நான் இரண்டு தடவை காட்டினால், இரண்டு தடவை. முதலில் யாரோ வேலையாள் எதையோ தேடுகிறான் என்று நினைத்தேன். நேற்று டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது நிற்கவில்லை. மினுக்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மினுக்கியது. என் பதிலுக்குக் காத்திருப்பது போல.

நான் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். செடி வாங்க வருகிறவர்களுக்கு விலை சொல்லக்கூட முதலாளியம்மாவைத்தான் கூப்பிடுவேன். நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவன் நினைத்துவிட்டான் அக்கா. நான் என்ன செய்ய?

உன் தங்கை

ஜூலை 2

டார்ச்சைத் தூக்கிப் பரண்மேல் போடு. இருட்டுவதற்கு முன் கதவைச் சாத்து.

துணியைச் சுற்று, தரையோரமாகக் காட்டு என்றுதானே எழுதினேன்? நாள் தவறாமல் படியில் உட்கார்ந்து ஊருக்கே காட்டு என்றா எழுதினேன்? அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும் என்று உனக்குத் தோன்றவில்லையா? வாயைத் திறந்து பேசத் தெரியாது, வெளிச்சம் மட்டும் காட்டத் தெரியுமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாளைக்கு நாலு பேர் ஒன்று சொன்னால் மின்மினியைக் கூப்பிட்டாள் என்று யார் நம்புவார்கள்?

அதைவிட, அந்த அறையில் என் குழந்தை இருக்கிறாள். அவள் அப்பா செத்த அன்றிலிருந்தே அவள் அத்தை 'எங்கிட்ட விட்டுடு' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தங்கை இருக்கிறாள், போதும் என்று சொல்லித்தான் மறுத்தேன். உன்னால் முடியாது என்றால் இப்போதே சொல். அத்தையிடமே விட்டுவிடுகிறேன்.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

டார்ச் பரண்மேல் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது.

முதலாளியம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். தொட்டிப் பக்கம் பூச்சட்டி காணாமல் போகிறது, பெரிய விளக்கு போட்டால் நல்லது என்றேன். நானாக வந்து பேசியதே அதிசயம் என்று மறுநாளே ஆளை வைத்துப் பந்தல் கம்பத்தில் விளக்கு மாட்டிவிட்டார். சுவிட்ச் நம் அறைக்குள்தான். போட்டால் பின்பக்கம் பூராவும் பகல்.

பயம் போகும் என்று நினைத்தேன். முதல் நாள் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலில் பார்த்தேன். நிழல்வலை தெரிந்தது, நாற்று தெரிந்தது, கொடியில் நம் துணி தெரிந்தது. அதற்கு மேல் அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கறுப்பு. அப்போதுதான் புரிந்தது. எனக்கு அவன் தெரியவில்லை, அவனுக்கு நான் நன்றாகத் தெரிகிறேன். அவனுக்கு இனி டார்ச்சே தேவையில்லை.

மின்மினி ஒன்றுகூட வருவதில்லை. சுவரடியிலும் ஒன்றும் எரிவதில்லை. வாண்டு தினமும் சுவரைக் காட்டி "லைட்டு தூங்குதா?" என்று கேட்கிறாள். தலைக்கு மேல் அவ்வளவு பெரிய விளக்கு எரிகிறது, அவள் இதைக் கேட்கிறாள்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று சாயங்காலம் நான் முன்வரிசையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வாண்டு பந்தலுக்குள் பையில் மண் நிரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் வாயெல்லாம் சாக்லேட். கையில் தாள். நான் வாங்கித் தரவில்லை.

"யாரு குடுத்தா?"

"மாமா."

"எந்த மாமா?"

அவள் தொட்டிக்குப் பின்னால் இடிந்த இடத்தைக் காட்டினாள்.

வாயில் விரலை விட்டு வெளியே எடுத்தேன். அவள் என் விரலைக் கடித்தாள். ராத்திரி முழுக்க அவள் மூச்சுவிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் இன்னொரு சாக்லேட் கேட்டாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இரும்புக் கம்பியோடு அந்தக் கட்டடத்துக்குப் போவார். இல்லையென்றால் நீ கேட்டதையே அவரும் கேட்பார்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் பள்ளிக்கூடத்தை விட்டது வாண்டுவுக்காக. அதற்குப் பதிலாக உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அவளை அத்தையிடம் அனுப்பாதே. அவள் இல்லாமல் இந்த அறையில் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

உன் தங்கை

ஜூலை 15

என் கண்ணே,

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று சொன்னால் பொய். பயத்தில் எழுதினேன். பயந்தால் நான் இப்படித்தான் எரிவேன், உனக்குத் தெரியாததா?

உனக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரை வரிசையாகத் தெருவிளக்கு. ஊசி விழுந்தால் எடுக்கலாம். நான் தினமும் சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் போனில் பேசுவது போல் உரக்கப் பேசுவேன். 'ஆமாம்ப்பா, வந்துட்டேன்ப்பா' என்பேன். எதிர்முனையில் யாரும் இல்லை. இதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. தைரியசாலி அக்கா என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் நினைப்பை மாற்றிக்கொள்.

மாதக் கடைசியில்தான் விடுப்பு தருவார்கள். கெஞ்சிப் பார்த்தேன், இல்லை என்றுவிட்டார்கள். அதுவரை வாண்டுவை இடுப்பை விட்டு இறக்காதே. முதலாளியம்மாவிடம் சொல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எடுத்தவுடன் அந்த விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தால், மின்மினியிலிருந்து ஆரம்பி.

பூச்சியம்மாவிடம் விளக்கைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரிய விளக்கு எரிந்தால் ஆணின் வெளிச்சம் பெண்ணுக்குத் தெரியாதாம், பெண்ணின் பதில் ஆணுக்குத் தெரியாது. ஒன்றையொன்று பார்க்காமலே அந்த இரண்டு மூன்று வாரமும் முடிந்துவிடும். முட்டை இல்லை. முட்டை இல்லையென்றால் குஞ்சு இல்லை, அப்புறம் தொட்டிப் பக்கத்து நாற்றும் நத்தைக்குத்தான். நத்தைக்கு மருந்து வைக்கலாமா என்று கேட்டால், வாண்டு மாதிரி எதையும் வாயில் போடும் பிள்ளை இருக்கும் இடத்தில் அந்த மருந்துப் பேச்சே வேண்டாம் என்கிறார். மின்மினி இருக்கிற மண் நல்ல மண், அங்கே தண்ணீரும் கெடவில்லை என்று அர்த்தமாம். இதையெல்லாம் முதலாளியம்மா காதில் போடு. செடி என்றால் அவர் கேட்பார்.

அத்தையைப் பற்றி நேரில் பேசுவோம்.

அக்கா

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இது: வாண்டு நலம். நானும் நலம். வாண்டுவை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி முதலாளியம்மாவிடம் போனேன். நத்தையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கத்தரியால் கிளை வெட்டிக்கொண்டே, "இவ்வளவு நாளா நீ ஊமைன்னு பாதிப் பேருகிட்ட சொல்லிவச்சிருக்கேன்டி" என்றார். தொட்டிப் பக்கத்து இலையையும் முன்வரிசை இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "சரி, விளக்கை அணைச்சு வை. பூச்சட்டி போனா நீதான் பொறுப்பு" என்றார். பூச்சட்டி போகவில்லை, நான் சொன்னது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கத்தரியைக் கீழே வைத்தார். சாக்லேட் வரை சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே நான் ராத்திரி வீட்டுக் கதவைத் தாழ் போடமாட்டேன். ஒரு சத்தம் குடு, போதும்" என்றார். அவர் வீடு பண்ணையின் முன்பக்கம்தானே, சத்தம் கேட்கும். ஆனால் என்னால் சத்தம் கொடுக்க முடியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

விளக்கை அணைத்த முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மழை பெய்தது. சுவரடியில் ஒன்று எரிந்தது. அதற்கு அடுத்த நாள் நிறைய. நான் அறைக்குள் இருட்டில், ஜன்னலோரம், வாண்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வேன். கை சுவிட்ச் மேல் இருக்கும். உள்ளேயும் இருட்டு, வெளியேயும் இருட்டு. நான் அவனுக்குத் தெரியமாட்டேன். அது ஒன்றுதான் எனக்கு இருந்த தைரியம்.

முந்தாநாள் பொழுது சாய்ந்ததும் மழை விட்டது. சுவரடி கறுப்பாக இருந்தது. திடீரென்று தொட்டிக்குப் பின்னால், சுவர் இடிந்த இடத்தில், ஒரு குஞ்சு எரிந்தது. பூனையாக இருக்கும் என்று நினைத்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்று எரிந்தது. இந்தப் பக்கம் இன்னொன்று. முன்னால் எரிந்தது அணைந்தது, அடுத்தது எரிந்தது. அக்கா, அன்றைக்கு என் காலடியில் எரிந்ததைப் போலவே, வரிசையாக, சுவரோரமாக அது நம் அறையை நோக்கி வந்தது. ஆள் தெரியவில்லை. சத்தம் கேட்கவில்லை. அவன் எங்கே கால் வைக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

வாண்டு மெதுவாக "லைட்டு நடக்குது" என்றாள். அவள் வாயைப் பொத்தினேன்.

பந்தலோரம் வந்து அது நின்றது. நான் சுவிட்சைப் போட்டேன்.

அவன் நாற்றுப் பைகளுக்கு நடுவில், கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான். நான் நினைத்தது போல் சின்னப் பையன் இல்லை. அப்பா வயசு இருக்கும். தலையில் சிமெண்டுத் தூசி. மற்றொரு கையில் சாக்லேட். கத்த வேண்டும், ஆனால் என்ன கத்துவது? திருடன் என்றா? காப்பாத்துங்க என்றா? எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"ஏய்! நாத்து மேல நிக்கிற! நாத்து மேல நிக்கிறடா!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. இன்றைக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. வாண்டுவும் சேர்ந்துகொண்டு "நாத்து! நாத்து!" என்று அலறினாள். அடுத்த நிமிஷம் முதலாளியம்மா மண்வெட்டியோடு ஓடிவந்தார். திருடன் என்று கத்தியிருந்தால்கூட அவ்வளவு வேகமாக வந்திருக்க மாட்டார். பின்னாலேயே தெருக்காரர்கள் நாலைந்து பேர்.

அவன் ஓடவில்லை. என் ஜன்னலைக் காட்டி, "அதுதாங்க லைட் அடிச்சுக் கூப்பிட்டுச்சு. அதைக் கேளுங்க" என்றான்.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நீ எழுதியிருந்த நாலு பேர் இவர்கள்தான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து, வாண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றேன்.

"நான் உன்னைக் கூப்பிடல. மின்மினியைக் கூப்பிட்டேன்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். முதலாளியம்மா சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனிடம், "அவ யாரைக் கூப்பிட்டாலும் நீ ஏன்டா என் சுவரைத் தாண்டி வந்த? குழந்தைக்கு ஏன்டா மிட்டாய் குடுத்த?" என்றார். அன்றைக்கே அந்தக் கட்டடத்து மேஸ்திரியிடம் அவனை இழுத்துப்போய், போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டாராம். அப்பா நேற்று வந்தார். வந்ததும் சுவர் இடிந்த இடத்தில் கல் அடுக்கினார். அடுக்கும்போது "குஞ்சை மிதிச்சுடாதப்பா" என்றேன். அவர் நின்று, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தள்ளி வைத்தார்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. எங்கேயோ வேறு கட்டடத்தில் அவன் இருப்பான். பகலில் கதவு ஆடினாலும் திடுக்கிடுகிறேன். பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது கறுப்பாக இருந்தால் யாரும் நடக்கவில்லை என்று அர்த்தம். கறுப்பாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாண்டுவைத் தூங்க வைக்கிறேன்.

மாதக் கடைசியில் வருகிறாய். எதற்கு வருகிறாய் என்று மட்டும் எழுது. எங்களைப் பார்க்கவா, அவளை அழைத்துப் போகவா?

உன் தங்கை

ஜூலை 28

தொட்டாச்சிணுங்கி,

உன் கடிதத்தைக் குடுவை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். இரண்டு குடுவை உடைந்தது. அத்தைக்குப் பதில் எழுதிவிட்டேன். 'என் பெண்ணுக்குச் சித்தி இருக்கிறாள்' என்று ஒரே வரி.

பார்க்கத்தான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்துசேர இருட்டிவிடும். வாண்டுவைத் தூங்க வைக்காதே. பெரிய விளக்கைப் போடாதே. நான் முன்வாசலில் கூப்பிட மாட்டேன். பண்ணைக்குள்ளேயே பின்பக்கம் சுற்றி, தொட்டியைத் தாண்டி, சுவரோரமாக மெதுவாக நடந்து வருவேன்.

சுவரடி எரிந்தால் பயப்படாதே. அது நான்.

அக்கா